ஒருமுறை ஸ்கோப்புக்குத் தனிக் கட்டணம் சரியா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. கிரானைட் பட்டறையில் வேலை. வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 13 மி.மீ. கல். லேசர் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையில் 'ஒருமுறை பயன்படுத்தும் ஸ்கோப்' என்று தனித்தொகை சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் அது தேவையே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது?
- வாசகி, பர்கூர்

தர்மபுரி சிறுநீரக அறுவை மருத்துவரின் பதில்: நீங்கள் 'கீழ்ப்பகுதி' என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, விஷயமே அதில்தான் இருக்கிறது. சிறுநீர்ப் பாதை வழியே மேலே ஏறும் ஸ்கோப், அதாவது உள்ளே பார்க்க உதவும் வளையும் குழாய், சுமார் 3 மி.மீ. தடிமன்தான். நுனி 270 டிகிரி வரை வளையும். மேல் அறைக் கல் என்றால் ஏறக்குறைய நேராகவே போய்விடலாம். கீழ் அறைக்கு நுனியைக் கொக்கி போல மடக்கி, மடக்கிய நிலையிலேயே லேசரை இயக்க வேண்டும். பல லட்ச ரூபாய் விலையுள்ள, சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழைய வகை ஸ்கோப்புகள் பழுதாவது பெரும்பாலும் இங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவருக்குப் பாதிக் கல் உடைத்திருந்தபோது நுனி வளையாமல் நின்றுவிட்டது. மாற்று ஸ்கோப் கிடையாது. ஸ்டென்ட் (சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்து முடித்துவிட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் மயக்க மருந்து கொடுத்தோம். காய் பறிப்புச் சமயம் வேறு. வெளியே காத்திருந்த அவர் மகனிடம் போய் அதைச் சொன்ன நிமிடம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால்தான் ஒருமுறை ஸ்கோப்புகளை நான் அக்கறையோடு சோதித்துப் பார்க்கிறேன். விற்க வருபவர்கள் வெறும் ஸ்கோப்பை வளைத்துக் காட்டுவார்கள். 200 மைக்ரான் லேசர் இழையை உள்ளே விட்டு வளைக்கச் சொல்வேன். சிலவற்றில் வளைவு சட்டென்று குறையும். அப்புறம், இழை உள்ளே இருக்கும்போது எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்ப்பேன். தண்ணீர் குறைந்தால் கல்தூள் கலங்கிக் கண்ணை மறைக்கும். அதற்காக அழுத்தத்தைக் கூட்டினால் கிருமி ரத்தத்தில் ஏறும் ஆபத்து உண்டு.

கல் முழுதாக நீங்குவதில் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் பொதுவாகச் சொல்கின்றன. ஒழுங்காகச் சுத்தம் செய்து, மாற்று ஸ்கோப்பும் கையில் வைத்திருக்கும் இடமென்றால் பழைய வகையிலேயே தைரியமாகச் செய்துகொள்ளலாம். மாற்று இல்லாத இடத்தில், உங்கள் கணவருக்கு இருப்பது போன்ற கீழ் அறைக் கல்லுக்கு, அந்தத் தனித்தொகை நியாயமானது என்பேன்.

ஆனால் ஒருமுறை ஸ்கோப்பையே கழுவி அடுத்தவருக்கும் பயன்படுத்துவதை ஏற்கவே முடியாது. அதன் உள்குழாய் 1.2 மி.மீ.தான், திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. "சீல் பிரிக்காத பாக்கெட்டை அன்றைக்கே எங்களுக்காகப் பிரிப்பீர்களா? அதன் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுவீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எந்த ஸ்கோப்பானாலும், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் வராமல் தேதி குறிக்க வேண்டாம். ஸ்டென்ட் வைத்தால், எடுக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவிடுங்கள். வலி போய்விட்டதே என்று வேலைக்குத் திரும்பி, மாதக்கணக்கில் மறந்து, ஸ்டென்டைச் சுற்றியே கல் படிந்து வருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.