வாசகர் கேள்வி பதில்: கம்பளித் தொப்பியும் தலைக்கவசமும்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் உள்ள பாடசாலைக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். முதலில் வாங்கிய முழுமுகத் தலைக்கவசம் அரை மணித்தியாலத்திலேயே நெற்றியை வலிக்கச் செய்ததால், ஓர் அளவு பெரிதாக இன்னொன்று வாங்கினேன். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டு அதற்கு மேல் அணியும்போது இதமாக இருக்கிறது. தொப்பி போடாத நாட்களில் ஆடுகிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்ளலாம்?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

இரண்டுமே உங்கள் தலைக்கு உரியவை அல்ல. காசு செலவழித்துவிட்ட உங்களிடம் இப்படிச் சொல்வதற்கு மனம் வரவில்லைதான்; ஆனால் இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரியது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைக்கவசத்தின் வெளி ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் மெத்தைக்கும் இடையில் ரெஜிபோம் போன்ற ஒரு தடித்த அடுக்கு உண்டு. தலை தரையில் மோதும்போது அந்த அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்கு எடுக்கும் நேரத்தைச் சற்றே நீட்டிக் கொடுப்பதால்தான் மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. கன்னத்தில் படும் மெத்தை அந்த வேலையைச் செய்வதில்லை. கவசத்தைத் தலையோடு சேர்த்துப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் பொறுப்பு. கம்பளித் தொப்பி அந்தப் பிடிப்பைக் கெடுத்துவிடுகிறது. கம்பளி அமுங்கவும் வழுக்கவும் கூடியது என்பதால், விழும் வேளையில் கவசம் தலையின் மேல் சுழன்று நெற்றியைத் திறந்துவிடலாம். பட்டி பூட்டியிருந்தும் கழன்று போவதும் உண்டு.

நெற்றி வலித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அளவு அல்ல, வடிவம். சிலருடைய தலை மேலிருந்து பார்த்தால் முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருடையது உருண்டையாக இருக்கும். நீண்ட தலைக்கு உருண்டையான உட்புறம் கொண்ட கவசத்தைப் போட்டால் நெற்றி நசுங்கும், காதுக்கு மேலே இடைவெளி விழும். அளவைக் கூட்டினால் அந்த இடைவெளியும் கூடவே வளரும். நீங்கள் தேட வேண்டியது அதே அளவில் வேறொரு நிறுவனத்தின் கவசம், அல்லது அதே நிறுவனத்தின் வேறொரு மாதிரி.

கடைக்குப் போகுமுன் தையல் நாடாவால், புருவத்துக்கு ஒரு விரல் மேலாகவும் பின்னந்தலையின் மிகப் புடைத்த இடத்தின் வழியாகவும் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் 57–58 சென்ரிமீற்றரை ‘எம்’ என்றும் 59–60ஐ ‘எல்’ என்றும் குறித்தாலும், எழுத்தை நம்பாமல் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அணிந்தவுடன் இரு கன்னங்களும் ஆளுக்கொரு கொழுக்கட்டையை அடக்கியதுபோல் சற்று மேலே தள்ளப்பட வேண்டும். கவசத்தை இரு கைகளாலும் பக்கவாட்டில் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். நாடிப்பட்டியைப் பூட்டியபின், பிடரிப் பக்கத்து விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டித் தள்ளச் சொல்லுங்கள்; கழன்று வந்தால் அது உங்களுக்கு உரியதல்ல. பிறகு பதினைந்து நிமிடமாவது கழற்றாமல் இருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த தடம் தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கன்னத்து இறுக்கம் சில வாரங்களில் தளரும். நெற்றியில் குத்தும் இடம் அப்படித் தளர்வது அரிது.

குளிருக்கு, முகத்தையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணி உறை போதும். வாங்கப் போகும் நாளிலேயே அதை அணிந்துகொண்டு அளவு பாருங்கள்.

ஹட்டன் பாதையில் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவதே அரிது. காதுவரை மட்டும் மூடும் கவசம் போதாதா? முழுமுகக் கவசத்தைப் பொலிஸார் தடை செய்ததாகவும் சொல்கிறார்களே?
– வாசகர், கொட்டகலை

வண்டி நின்றுகொண்டிருந்தாலும், சரிந்து விழும்போது உங்கள் தலை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறது. தடுப்பதற்கு எதுவும் இல்லையென்றால் அது மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் மோதும். ஐரோப்பிய விதிமுறையின் முதன்மையான மோதல் சோதனையே செக்கனுக்கு 7.5 மீற்றர், அதாவது மணிக்கு 27 கிலோமீற்றர் வேகத்தில்தான் நடத்தப்படுகிறது. எனவே உங்கள் 30 ஒன்றும் சிறிய எண் அல்ல. வளைவில் சறுக்கி முகம் குப்புற விழுபவருக்கு முதலில் அடிபடுவது நாடியும் தாடையும். காதுவரையான கவசம் அங்கே எதையும் மூடுவதில்லை.

தடையைப் பொறுத்தவரை, 2015இல் பொலிஸார் அப்படி அறிவித்தது உண்மை. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. வங்கிக்குள்ளும் கடைக்குள்ளும் நுழையும்போது கழற்றிவிடுங்கள், அது நாகரிகமும்கூட.

வட்டவளைப் பக்கம் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓட்டும்போது கவசத்தின் கண்ணாடி புகைபடிந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடியும் அணிகிறேன். கறுப்புக் கண்ணாடி உதவுமா?
– வாசகர், கினிகத்தேனை

கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். மூட்டத்திலும் மாலையிலும் இருக்கிற சொற்ப வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும். மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதே புகைக்குக் காரணம் என்பதால், மூச்சைக் கீழே திருப்பும் மூக்குமறைப்பும் நாடிப் பக்கத்தில் திறந்து மூடக்கூடிய காற்றுத்துளையும் உள்ள கவசமாகத் தெரிவு செய்யுங்கள். உட்பக்கம் இரண்டாவது தகடு பொருத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் இடையே அடைபட்ட காற்று உட்தகட்டைக் குளிரவிடாது. அது இல்லாவிட்டால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உட்பக்கம் மெல்லப் பூசித் துணியால் துடைத்துவிட்டால் ஓரளவு தாங்கும். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி நேராக உள்ளே நுழைகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது? நனைந்த கவசத்தை அடுப்புக்கு மேல் தொங்கவிடலாமா?
– வாசகி, அப்புத்தளை

இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் முத்திரையைத் தேடுங்கள். ஐரோப்பியத் தரமுடையவற்றில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் கொண்ட சீட்டு வழக்கமாக நாடிப்பட்டியில் தைக்கப்பட்டிருக்கும். பின்புறம் ஒட்டிய வெறும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்; அதை யாரும் அச்சடிக்கலாம்.

லயத்து அடுப்புக்கு மேலே எதைக் காயவைத்தாலும் இதைக் காயவைக்காதீர்கள். சூடு உள்ளே உள்ள ரெஜிபோமைச் சுருக்கிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்மெத்தையைக் கழற்றி அலசி நிழலில் உலர்த்துங்கள். பெற்றோலும் தின்னரும் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனமாக்கும், துடைக்கச் சவர்க்கார நீரே போதும். பலமாக ஒருமுறை அடிபட்ட கவசம், கீறலே இல்லாவிட்டாலும், மறுமுறைக்கு உதவாது.

ஏழு வயது மகனுக்கு ஒன்று வாங்க வேண்டும். இரண்டு வருடத்துக்குப் போதுமாகப் பெரிதாக வாங்கலாமா?
– தந்தை, பண்டாரவளை

பாடசாலைச் சீருடையை அப்படி வாங்கலாம், இதை வாங்கக் கூடாது. இன்றைய தலைக்குச் சரியான அளவிலேயே, சிறுவர்களுக்கென்று செய்யப்பட்ட, எடை குறைந்த கவசமாக வாங்குங்கள். பெரியவர்களின் கவசத்தின் பாரத்தை அந்த மெல்லிய கழுத்து தாங்காது. வாங்கும்போது மகனையும் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.