‘சரி’ என்று ஒரு பதில்

கேள்வி: போன வாரம் மேலாளருக்கு ஒரு அறிக்கை அனுப்பினேன். ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தது. எப்போதும் இரண்டு வரியாவது எழுதுவார். கோபமா, வேலைக்கே ஆபத்தா என்று ஒரு வாரமாக ராத்திரி இரண்டு மணி வரை இதேதான் ஓடுகிறது. எல்லோரும் ‘யோசிக்காதே’ என்கிறார்கள். எப்படி யோசிக்காமல் இருப்பது? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: அந்த ‘எல்லோரும்’ மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ‘யோசிக்காதே’ என்பது யாருக்கும் பலிக்காத வைத்தியம். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் மாணவர்களிடம், “ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடியுங்கள்” என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு “இப்போது நினைக்கலாம்” என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்ததாம்.

நான் இருபத்தாறு வருஷம் ப்ரூஃப் பார்த்தவள். பக்கம் அச்சுக்குப் போன பிறகுதான் என் மனசு வேலையை ஆரம்பிக்கும். மூன்றாம் பத்தியில் ஒற்று விட்டுப்போச்சோ, படத்துக்குக் கீழே பெயர் மாறிவிட்டதோ என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். தப்பே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன், வந்திருக்கிறது. ஆனால் நான் தூக்கத்தைத் தொலைத்த தப்பு எதுவும் அச்சில் வந்ததில்லை. வந்ததெல்லாம் நான் நினைத்தே பார்க்காதவை.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது தலைமாட்டில் வைத்த ஒரு நோட்டு. மனசில் ஓடுவதையெல்லாம் கொட்டினால் புலம்பல்தான் நீளும். நான் எழுதியது இரண்டே வரி. ‘நடந்தது: பன்னிரண்டாம் பக்கத் தலைப்பைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவில்லை. நாளை: போனதும் முதல் வேலையாக அதை எடுத்துப் பார்ப்பது.’ அவ்வளவுதான், விளக்கை அணைத்துவிடுவேன். வெகு காலம் கழித்து, 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். தூக்க ஆய்வகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் 5 நிமிஷம் எழுதச் சொன்னார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனி செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமோ, தூக்கமும் அவ்வளவு சீக்கிரம்.

உங்கள் விஷயத்தையும் எழுதிப் பாருங்கள். ‘நடந்தது: சரி என்று பதில் வந்தது.’ இதில் கோபம் எங்கே இருக்கிறது? அது நீங்கள் சேர்த்த வரி. ப்ரூஃப் பார்ப்பவள் என்ற முறையில் முதலில் அதை அடித்துவிடுகிறேன். ‘நாளை: அறிக்கையில் ஏதாவது திருத்த வேண்டுமா என்று நேரில் கேட்பது.’ “கோபமா சார்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோபம் இல்லாதவருக்கும் அப்போது வந்துவிடும்!

பகலில் ஓடினால், கவலைக்கென்று தினம் அரை மணி ஒதுக்குங்கள். சாயங்காலம் ஆறரைக்கு, படுக்கையைத் தவிர வேறு எங்காவது ஒரே இடத்தில் உட்காருங்கள். நடுவில் எது வந்தாலும் “ஆறரைக்கு வா” என்று திருப்பி அனுப்புங்கள். போர்கோவெக் என்ற உளவியலாளர் 1983லேயே சோதித்துப் பார்த்த முறைதான் இது. எனக்கு ஆறரை ஆகும்போது பாதிக் கவலைகளில் சாரமே இருக்காது.

கேள்வி: கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் எண்ணம் இன்னும் அதிகமாக ஓடுகிறது. நான் செய்வது தப்பா?

பதில்: தப்பில்லை, பலருக்கும் அப்படித்தான். நானும் பத்து நாளில் விட்டவள்தான். கண்ணைத் திறந்தபடியே நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும் என்கிறேன். ராத்திரி இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டுக் கண் சொக்கும்போது படுங்கள். செல்போனைத் தொடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு தடவை தோன்றினால்கூட, நோட்டை நம்பி உட்காராமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். எங்கே தொடங்குவது என்று அங்கே போய்த் தடுமாற வேண்டியிருக்காது.