புதிதாக வரும் தன்னார்வலருக்கு சர்வர் சாவியை எப்போது கொடுப்பது?

கேள்வி: ஹட்டனைச் சேர்ந்த நாங்கள் மூன்று பேர், பாடசாலை நூலகங்களுக்கான ஒரு திறந்த மூல மென்பொருளை நடத்தி வருகிறோம். புத்தகப் பட்டியல், யார் எதை இரவல் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கும். தோட்டப் பாடசாலைகள் பல இதைப் பயன்படுத்துகின்றன. எல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் ஓடுகிறது. சர்வரில் எதையும் செய்யவிடும் ரூட் கடவுச்சொல் ஒன்றுதான். எங்கள் மூவருக்கும் தெரியும். இப்போது பதுளை, தலவாக்கலை, கொழும்பு என்று பல இடங்களிலிருந்து மலையக இளைஞர்கள் ஆறு பேர் உதவ முன்வந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. கொடுக்காவிட்டால் அவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. போன வருடம் வந்தவர்களும் சில வாரங்களில் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். ஆனால் அந்த ஆறு பேரையும் இந்த வாரமே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று முழு அனுமதி, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று இரண்டே நிலைகள் இருப்பதால்தான் உங்களுக்கு இந்தத் தவிப்பு. நடுவில் பல படிகள் போடலாம். நிரலைப் படிப்பது, சர்வர் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று படிப்பது, சோதனைச் சர்வரில் கைவைப்பது, மாற்றத்தை எழுதி அனுப்புவது, அப்புறம்தான் உண்மையான சர்வர். பார்க்கும் உரிமையைத் தாராளமாக, சீக்கிரமாகக் கொடுங்கள். தொடும் உரிமை, செய்த வேலையைப் பார்த்து வரட்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே ரோலரை ஓட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து தூள் சலிக்கும் இடம் வரை கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பெடோரா லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்தின் சர்வர்களைப் பராமரிக்கும் உள்கட்டமைப்புக் குழு செய்வதும் இதுதான். அங்கே பயிலுநர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதில் சேர்ந்தவர் பல சர்வர்களுக்குள் போகலாம், அமைப்புகளைப் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. பார்த்துப் புரிந்துகொண்டவர் சரியான கேள்வி கேட்பார். சரியான கேள்வி கேட்பவர் சீக்கிரமே உருப்படியான மாற்றம் ஒன்றை அனுப்புவார்.

அவர்கள் வருவதற்கு முன் உங்கள் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு செய்ய வேண்டும். மூன்று பேர் ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பகிர்வது இன்றோடு நிற்கட்டும். ஏதாவது கெட்டுப்போனால் யார் எப்போது என்ன செய்தார் என்று பதிவேட்டில் தெரியாது. ஒருவரை நீக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். ஆளுக்கொரு கணக்கு, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய ஆளுக்கொரு எஸ்எஸ்எச் சாவி, தேவைப்படும்போது மட்டும் சூடோ (ஒரு கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டும் வழி) என்று மாற்றுங்கள். சாவியை ஈடி25519 வகையில் உருவாக்கி, அதற்கு ஒரு கடவுத்தொடரும் போடச் சொல்லுங்கள். மடிக்கணினி களவுபோனாலும், விற்கப்பட்டாலும், அந்தச் சாவியை உடனே யாரும் பயன்படுத்த முடியாது. அப்புறம் ரூட்டாக நேரடியாக நுழைவதையும், கடவுச்சொல் கொண்டு நுழைவதையும் மூடிவிடுங்கள். மூடும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை விட்டுவிடாமல், இன்னொரு ஜன்னலில் புதுச் சாவியால் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் பழையதை மூட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

புதியவர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எஸ்எஸ்எச் சாவி பொதுச் சாவி, தனிச் சாவி என ஜோடியாக வரும்; அனுப்ப வேண்டியது பொதுச் சாவி மட்டும். தனிச் சாவி அவரவர் கணினியை விட்டு வெளியே வரக்கூடாது. யாராவது அவசரத்தில் தனிச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் திட்டாதீர்கள். அந்தச் சாவியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த தடவை தவறு நடந்தால் மறைப்பார். மறைக்கப்படும் தவறுதான் சர்வருக்கு ஆபத்து.

சர்வர் வாடகைக் கணக்கு, டொமைன் கணக்கு, நிரல் களஞ்சியம் மூன்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) கட்டாயம். நிரல் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளம் 2023 முதல் நிரல் பங்களிப்பவர்களிடம் அதைக் கட்டாயமாகவே கேட்கிறது. எஸ்எம்எஸ் வழியாகக் குறியீடு வரும்படி வைக்காதீர்கள். தோட்டத்துப் பக்கம் சிக்னல் இல்லாத மாலையில் அந்த எஸ்எம்எஸ் வந்து சேராது. குறியீடு உருவாக்கும் செயலி சிக்னலே இல்லாமலும் வேலை செய்யும். மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்துப் பத்திரப்படுத்துங்கள்.

இனி முக்கியமான வேலை. சர்வரின் அமைப்பு இப்போது உங்கள் மூவரின் தலைக்குள் இருக்கிறது. அதை எழுத்தில் கொண்டுவாருங்கள். அன்சிபிள் போன்ற கருவியில், எந்த மென்பொருள் பொதிகளை நிறுவ வேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், எந்தச் சேவை ஓட வேண்டும் என்பதைக் கோப்புகளாக எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைத்துவிட்டால், சர்வரைப் பார்ப்பதற்கு சர்வருக்குள் போகவே தேவையில்லை. பதுளையில் இருப்பவர் தன் அறையில் உட்கார்ந்து அதைப் படிப்பார், 'இந்த வரியை இப்படி மாற்றலாமே' என்று எழுதி அனுப்புவார், நீங்கள் பார்த்துச் சேர்ப்பீர்கள். அவர் செய்தது முழுமையான உள்கட்டமைப்பு வேலை. அவர் கையில் சாவி எதுவும் இல்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் சர்வர்களின் பப்பெட் (அன்சிபிள் போன்ற இன்னொரு கருவி) அமைப்புக் கோப்புகளை எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அத்தனை பெரிய தளத்துக்கே முடிகிறதென்றால் உங்களுக்கும் முடியும். கடவுச்சொற்களை மட்டும் அந்தக் கோப்புகளிலிருந்து பிரித்து வேறாக வையுங்கள். பழைய கிட் வரலாற்றில் கடவுச்சொல் எங்காவது கிடக்கிறதா என்றும் தேடுங்கள்; கிடந்தால் அழிப்பது மட்டும் போதாது, அந்தக் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

பிள்ளைகளின் விவரங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தரவுத்தளத்தில் மாணவர் பெயர், வகுப்பு, அவர் படித்த புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தாய் நம்பிப் பாடசாலையில் கொடுத்த விவரம் அது. சோதனைக்காக உண்மையான தரவுத்தளத்தின் நகலை யாருக்கும் அனுப்பாதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும்.

அதற்குப் பதிலாகப் போலித் தரவு உருவாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதுங்கள். மேலோட்டமாக எழுதாமல், மலையகத்துப் பதிவேடு எப்படி இருக்குமோ அப்படியே எழுதுங்கள். முதலெழுத்து முன்னால் வரும் பெயர்கள், ஒரே வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர், ஸ, ஜ, ஷ வரும் பெயர்கள், வீதி இலக்கம் இல்லாமல் தோட்டமும் பிரிவும் மட்டும் உள்ள விலாசங்கள். கோளாறுகள் ஒளிந்திருப்பது இங்கேதான். ஓர் உதாரணம்: 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றாவிட்டால், அலமாரியில் இருக்கும் புத்தகம் தேடலில் வராது. இப்படி ஒரு கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்துவது புதியவருக்கு அருமையான முதல் வேலை. சர்வர் தேவையில்லை, பலன் உடனே நூலகப் பொறுப்பாசிரியருக்குத் தெரியும்.

போன வருடம் வந்தவர்கள் ஏன் போனார்கள்? அக்கறை இல்லாமல் போனார்கள் என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் மென்பொருளைத் தம் கணினியில் நிறுவும்போதே எங்கோ மாட்டிக்கொண்டிருப்பார்கள், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள், நாள் போகப்போகக் கூச்சம் கூடியிருக்கும். முதல் நாள் மாலையே மென்பொருள் அவர் கணினியில் ஓட வேண்டும். அங்கேதான் உங்கள் உழைப்பில் பாதி போக வேண்டும்.

அவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பலரிடம் போன் டேட்டாதான் இணையம். லயத்தில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அப்படிப்பட்டவரிடம் மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் கட்டிய பெரிய டாக்கர் படிமங்களை இறக்கச் சொன்னால், மாத டேட்டாவில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். கிட் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இழுக்காமல் டெப்த் 1 என்ற தெரிவோடு இழுத்தால் கடைசி நிலை மட்டும் வரும். வீட்டுக் கணினியில் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதுமா என்று பாருங்கள். பெரிய தரவுத்தளத்தைச் சோதனைச் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். தேவையான பொதிகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டு, ஹட்டனுக்கு வந்துபோகிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். சோதனைச் சர்வரில் மோஷ், டிமக்ஸ் இரண்டையும் நிறுவுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே இருக்கும்.

நிறுவும் வழிகாட்டியைத் தமிழில் எழுதுங்கள், பிழைச் செய்திகளை மட்டும் திரையில் வருவதுபோலவே விட்டுவிடுங்கள். எழுதியதை இதுவரை நிறுவிப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே தடுக்கினாரோ அந்த வரி திருத்தப்பட வேண்டும், திருத்துபவர் அவராகவே இருக்கட்டும். அதுதான் திட்டத்தில் அவருடைய முதல் பங்களிப்பு. அது சேர்க்கப்பட்டு அவர் பெயர் வரலாற்றில் ஏறுவதற்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அனுப்பிய மாற்றத்துக்கு இரண்டு வாரம் பதில் வராவிட்டால் நானாக இருந்தாலும் போய்விடுவேன்.

அடுத்த படியாக, உள்கட்டமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மீட்டெடுக்கும் பயிற்சி கொடுங்கள். ஒரு வெற்றுச் சர்வர், உங்கள் அன்சிபிள் கோப்புகள், போலித் தரவில் எடுத்த ஒரு பேக்கப். இவற்றிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரல் களஞ்சியச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். பல வகைப் பேக்கப்புகள் இருப்பதாக நம்பியிருந்தார்கள். தேடும்போது பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். உண்மைத் தரவுப் பேக்கப்பை நீங்கள் மூவரும் மீட்டுப் பாருங்கள். புதியவர்கள் அதே வழிமுறையைப் போலித் தரவில் செய்யட்டும்.

நம்பிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளில் ஒரு பின்கதவு (இரகசியமாக உள்ளே நுழையும் வழி) கண்டுபிடிக்கப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாகப் பங்களித்து, பராமரிப்பு உரிமையைப் பெற்று, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை நுழைத்திருந்தார். களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை, வேறு பெயர்களில் வந்தவர்கள் 'சீக்கிரம் பொறுப்பைக் கொடு' என்று நெருக்கியிருந்தார்கள். எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்த பொறியியலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட்தான் அதைப் பிடித்தார். இதைச் சொல்வது உங்கள் ஆறு பேரைச் சந்தேகிக்க அல்ல. மலையகத்தில் ஊரைச் சொன்னால் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிடலாம். ஆனால் தெரிந்தவரின் கணக்கையும் மற்றவர் பறிக்கலாம். அதனால் உண்மையான சர்வருக்குப் போகும் எந்த மாற்றத்தையும் எழுதியவர் தவிர இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த விதி முதலில் உங்கள் மூவருக்கும் பொருந்தட்டும். அப்போது புதியவர் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தையும் மறக்காதீர்கள். முழு அனுமதி உள்ள மூவரும் ஹட்டனில் இருக்கிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகளால் பாதைகள் அடைபட்டதையும், பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் போனதையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்படி ஒரு வாரத்தில் சர்வர் விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ஆகவே ஆறு பேரில், சில மாதங்கள் நல்ல வேலை செய்து காட்டிய இருவருக்கு, ஒருவர் கொழும்பில், ஒருவர் பதுளைப் பக்கத்தில் என்று, முழு அனுமதி கொடுங்கள். மொத்தம் ஐந்து பேர் போதும். டொமைன் யார் பெயரில், யார் வங்கி அட்டையில், எந்த மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் வருகிறது என்பதும் அந்த ஐவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு எந்த அனுமதி என்பதை ஒரே கோப்பில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் வராதவரின் சாவி தானாக நிறுத்தப்படும், திரும்பி வந்தால் மறுபடி கிடைக்கும் என்று சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். பரீட்சை வரும், கல்யாணம் வரும், வெளிநாட்டு வேலை வரும்; போவது குற்றமில்லை. டெபியன், அப்பாச்சி போன்ற பெரிய திட்டங்களிலும் ஓய்வுபெற்ற பங்களிப்பாளர் என்று ஒரு நிலை உண்டு.

கடைசியாக ஒன்று. ஆறு பேரில் ஒருவராவது வேலையிலேயே சர்வர் நிர்வாகியாக இருப்பார். 'எனக்கு இதெல்லாம் தெரியும், ரூட்டைக் கொடுங்கள்' என்பார். அவரிடம்தான் அந்த அன்சிபிள் கோப்புகளை எழுதும் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். உங்களில் ஒருவர் சர்வரைத் திறந்து திரையைக் காட்ட, அவர் கேட்டுக் கேட்டு எழுதட்டும். எழுதி முடிக்கும்போது உங்கள் சர்வரை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவராக இருப்பார். அவர் வேலை செய்யும் விதமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.