கசானேயில் பொதுத் தோட்டம்: வேலி போடும் முன் விதைப்புப் பட்டத்தை மாற்றுங்கள்

கேள்வி: கணவரின் வேலைக்காகப் பொட்ஸ்வானாவின் கசானே ஊரில் குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து அரை ஏக்கரில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். தக்காளி, முட்டைகோஸ், பூசணி, மக்காச்சோளம் உண்டு. செப்டம்பரில் யானைகள் வந்து தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டன. பகலில் பபூன் குரங்குகள் தக்காளியைக் காலி செய்கின்றன. சோபி ஆற்றோரம் யானைகளையும் பறவைகளையும் பார்ப்பதுதான் இங்கே எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அவற்றுக்குத் தீங்கு வராமல் தோட்டத்தைக் காப்பாற்ற முடியுமா? மின்வேலி உதவுமா? விஷம் வைக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: சகோதரி, விஷம் என்ற பேச்சே வேண்டாம். 2019 ஜூனில் வடக்குப் பொட்ஸ்வானாவில் வேட்டைத் திருடர்கள் யானைச் சடலங்களில் வைத்த விஷத்தால் 537 பிணந்தின்னிக் கழுகுகள் செத்தன. வைத்த இடத்தோடு நிற்காத பொருள் அது. உங்கள் குழுவில் யார் இதைச் சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

யானை ஏன் செப்டம்பரில் வருகிறது என்று பாருங்கள். 2022 கணக்கெடுப்பின்படி பொட்ஸ்வானாவில் ஏறக்குறைய 1,30,000 யானைகள். மழை நின்று உள்காட்டுக் குட்டைகள் வற்றியதும் அவற்றில் ஏராளமானவை சோபி ஆற்றை நோக்கி வந்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் ஊரைச் சுற்றிப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்க, உங்கள் அரை ஏக்கர் மட்டும் ஈரமும் பசுமையுமாக நிற்கிறது. நட்டநடு வெயில் காலத்தில் பந்தி விரித்துவிட்டு விருந்தாளி வரக் கூடாது என்றால் நடக்காது.

அதனால் முதலில் பட்டத்தை மாற்றுங்கள். மார்ச் கடைசியில் விதைத்து, ஆகஸ்டுக்குள் பெரும்பாலான அறுவடையை முடித்துவிடுங்கள். கோஸ், கேரட், பீட்ரூட், அங்கே 'ரேப்' என்று விற்கும் கீரை எல்லாம் அந்தக் குளிர்ப் பருவத்தில் அருமையாக வரும்; பூச்சித் தொல்லையும் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் நிலத்தில் நிற்க வேண்டியவை வெங்காயம், பூண்டு, மிளகாய். யானைக்கு இவற்றில் நாட்டம் இல்லை. மார்ச், ஏப்ரலில் போட்ட வெங்காயமும் பூண்டும் சரியாக அப்போதுதான் முற்றும். மக்காச்சோளம், பூசணி, தர்ப்பூசணியைப் பொதுத் தோட்டத்திலிருந்து எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. யானை, பபூன் இரண்டுக்கும் அவை உயிர். நவம்பரில் மழை பிடித்ததும் உள்ளூர்ப் பெண்களிடம் 'ரோத்வே' விதை கேட்டு வாங்கித் தூவுங்கள். நம் ஊர்த் தைவேளைதான் அது. கேட்பாரற்று வளரும், கடைந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது தண்ணீர். யானை தோட்டத்துக்கு வருவதில் பாதி தண்ணீர் வாசனைக்காகத்தான். ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வேலியோரம் இருந்தால் நடுவுக்கு மாற்றுங்கள். குழாயை இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். சொட்டும் குழாயைச் சொட்டவிடாதீர்கள். பாசனத்தை விடியற்காலையில் முடித்துவிட்டால் இரவில் மேல்மண் காய்ந்திருக்கும்.

மின்வேலி உதவும், ஆனால் பராமரித்தால்தான். அங்கே அக்டோபரில் மணல் எலும்பாய்க் காய்ந்துவிடும். நிலத்தில் எர்த் கம்பி அடித்திருந்தும் ஷாக் ஏறாது. எர்த் கம்பிகளைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். மின்கம்பிகளுக்கு இடையே ஓர் எர்த் கம்பியையும் சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள். வேலியோரம் நடக்கும்போது 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் எங்கோ புல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அங்கேயே மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். கெட்டிக்கார யானைக்குத் தந்தத்தில் ஷாக் அடிக்காது என்பது தெரியும். தந்தத்தால் கம்பியை அறுக்கும், கம்பத்தைத் தள்ளிச் சாய்க்கும். ஆகவே கம்பங்கள் உள்பக்கமும் கம்பிகள் வெளியே நீட்டியும் இருக்கட்டும்.

தோட்டத்து மிளகாயில் கொஞ்சத்தை யானைக்கென்றே ஒதுக்குங்கள். காய்ந்த மிளகாயை இடித்து, ஈர யானை லத்தியோடு பிசைந்து, செங்கல் மாதிரி அச்சிட்டு, உள்ளே ஈரமில்லாமல் வெயிலில் காயவையுங்கள். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்போது பழைய தகரத்தில் தணலிட்டு, காற்று வரும் பக்கத்தில் வைத்தால் மணிக்கணக்கில் புகையும். ஆனால் இதை மட்டுமே நம்பாதீர்கள். அதே நாட்டின் ஒக்கவாங்கோ பகுதியில் சோதித்தபோது, புகை போட்ட இரவுகளில் ஒதுங்கிய யானைகள் பகலில் வந்தன. வருகிறவற்றின் எண்ணிக்கை குறையவில்லை.

பபூனுக்கு மிளகாய்ப் புகை வேலைக்காகாது. தக்காளி வேண்டுமென்றால் நான்கு பாத்தியோடு நிறுத்தி, மேல்புறமும் பக்கங்களிலும் கம்பிவலை அடித்துக் கூண்டாக்குங்கள். வெறும் நிழல்வலையைக் கிழித்துவிடும். பழுக்கத் தொடங்கும் நிறத்திலேயே பறித்து வீட்டில் பழுக்கவையுங்கள். குரங்குக்கு ஆசை காட்டுவது காய்கறிக் கழிவுகள்தாம். உரக்குழியைக் கட்டாயம் மூடிவையுங்கள், யாரும் தீனி போடக் கூடாது என்று குழுவில் முடிவெடுங்கள்.

இரவில் சத்தம் கேட்டால் டார்ச் எடுத்துக்கொண்டு யாரும் வெளியே போக வேண்டாம். விடிந்ததும் சேதத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்பே படமெடுத்து, வனவிலங்குத் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். யானைச் சேதத்துக்கு அரசு இழப்பீடு தரும் நாடு அது. குழுவில் உள்ள உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் கேட்பது சுலபம்.