துட்டன்காமனைப் பெற்றவர் யார்?

கேள்வி: பண்டைய எகிப்தின் அரசர் துட்டன்காமனின் தாய் அரசி நெஃபர்டிட்டிதான் என்று டி.என்.ஏ. சோதனையில் நிரூபணமாகிவிட்டதாமே?

பதில்: இல்லை. 2010-ல் வெளியான அந்த ஆய்வு தாய் என்று காட்டியது, அரசர்களின் பள்ளத்தாக்கில் 35-ஆம் எண் கல்லறையில் 1898-ல் கிடைத்த ஒரு மம்மியை. பெயரில்லாததால் ஆய்வாளர்கள் 'இளைய சீமாட்டி' என்கிறார்கள். தந்தை, 55-ஆம் எண் கல்லறையில் கிடைத்தவர். அவர் நெஃபர்டிட்டியின் கணவரான அரசர் அக்கெனாத்தென் என்பது பெரும்பாலோர் கருத்து. இந்த இருவரும் கூடப்பிறந்தவர்கள், அரசர் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கும் அவர் மனைவி தியீக்கும் பிறந்தவர்கள் என்பதே ஆய்வின் முடிவு.

எப்படித் தெரிந்தது? மரபணுவில் குறிப்பிட்ட 8 இடங்களை ஒப்பிட்டார்கள். அங்கே ஒரு சிறு துணுக்கு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதே எண். ஒவ்வோர் இடத்திலும் அப்பாவிடமிருந்து ஓர் எண், அம்மாவிடமிருந்து ஓர் எண் வரும். ஓரிடத்தை மட்டும் பாருங்கள்: அமென்ஹோதெப்புக்கு 6, 15. தியீக்கு 10, 15. 55-ஆம் கல்லறைக்காரருக்கு 15, 15. இளைய சீமாட்டிக்கு 6, 10. துட்டன்காமனுக்கு 10, 15. அந்த 10 அம்மா கொடுத்தது, 15 அப்பா கொடுத்தது.

நெஃபர்டிட்டியைக் கல்வெட்டுகள் பட்டத்தரசி என்கின்றன. 'அரசரின் மகள்' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எகிப்தில் அந்தப் பட்டம் உள்ளவர்கள் அதை எழுதாமல் விடமாட்டார்கள். நெஃபர்டிட்டிதான் இளைய சீமாட்டி, அதாவது அமென்ஹோதெப்பின் மகள் என்றால், அது நமக்குத் தெரிந்திருக்கும்.

மறுப்பவர்களும் உண்டு. நெஃபர்டிட்டியின் தந்தை ஆய் என்ற அரசவை அதிகாரி, அவர் தியீயின் சகோதரர் என்று வைத்துக்கொண்டால், நெஃபர்டிட்டி அக்கெனாத்தெனுக்குத் தாய்மாமன் மகள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே பெண் எடுத்தால், கூடப்பிறந்தவர்கள் போலவே எண்கள் அமையலாம் என்பது அவர்கள் வாதம். தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் அதில் வரும் இரண்டு உறவுகளுமே ஊகம். ஊகத்தை நிரூபணம் என்று பரப்புவதைத்தான் ஏற்க முடியாது.

துட்டன்காமனின் கல்லறையில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த குட்டிச் சவப்பெட்டிகள் இருந்தன. கடைசிப் பெட்டியில் தியீயின் பெயர். உள்ளே ஒரு முடிக்கற்றை. பாட்டியின் நினைவாக வைத்தது. 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே கிடைத்தன. தாய் இன்னார் என்று சொல்லும் எழுத்து அவற்றில் ஒன்றில்கூட இல்லை.