கைக்கோடாலி சின்னதுதான், ஆனால் தவறினால் காலுக்கு வரும்

விறகு பிளப்பது பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில். அவசரம் இருப்பவர்கள் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: வெந்நீர் அடுப்புக்குச் சவுக்கும் சீமைக் கருவேலமும் வாங்கிப் போட்டிருக்கிறோம். பெரிய கோடாலியைத் தூக்க எனக்குப் பலம் போதாது என்று கைக்கோடாலி ஒன்று வாங்கினேன். சின்னதாக இருப்பதால் ஆபத்து குறைவு என்கிறார் கடைக்காரர். சரிதானா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

சரியில்லை அம்மா. நின்றுகொண்டு வெட்டுவதாக இருந்தால் பெரிய கோடாலியைவிடக் கைக்கோடாலிதான் காலுக்கு ஆபத்து. பெரிய கோடாலிக்குக் காம்பு நீளம், காலை அகட்டி நின்று ஓங்கும்போது குறி தவறினாலும் பெரும்பாலும் அதன் வாய், அதாவது வெட்டுகிற கூர் விளிம்பு, உங்களுக்கு முன்னால் மண்ணில் போய்ப் பதியும். கைக்கோடாலியின் காம்பு ஒன்றரைச் சாண், மிஞ்சிப்போனால் இரண்டு சாண். அது வளைந்து இறங்குகிற பாதை முடிகிற இடத்தில் மண் இல்லை, உங்கள் முழங்காலும் கணைக்காலும்தான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு முறை ஓங்குவதற்கு முன்பும் ஒன்றைப் பாருங்கள்: இந்த அடி தவறினால் வாய் எங்கே போகும்? அங்கே உங்கள் உடம்போ வேறு ஒருவர் உடம்போ இருந்தால் ஓங்கவே கூடாது.

நிற்காதீர்கள், முழங்காலிட்டு உட்காருங்கள், மண் உறுத்தினால் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளலாம். முன்னால் அகலமான, ஆடாத அடிக்கட்டை ஒன்று வேண்டும், ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். பிளக்க வேண்டிய துண்டை அந்தக் கட்டையின் நடுவிலோ உங்கள் பக்கத்து ஓரத்திலோ வைக்காமல் எதிர்ப்பக்கத்து ஓரமாக வையுங்கள். அடி தவறி உங்களை நோக்கி வந்தாலும் நடுவில் இருக்கிற கட்டையில் பதிந்து நின்றுவிடும். அம்மிக்கல், சிமெண்டுத் தரை, வாசல்படி இவற்றின் மேல் வைத்து ஒருபோதும் வேண்டாம், வாய் உடையும், கோடாலி எகிறும்.

அடுத்தது கை. விறகை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓங்குகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். கோடாலி வாயை விறகின் தலையில் வைத்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் கடித்துக்கொள்ளும். அப்புறம் கையை எடுத்துவிட்டு, கோடாலியையும் விறகையும் ஒன்றாகத் தூக்கி அடிக்கட்டையில் இடித்தால் தானாகப் பிளக்கும். ஓங்கி வீச வேண்டிய அவசியமே வராது. நிற்காமல் சாய்கிற மெல்லிய துண்டாக இருந்தால் இன்னொரு குச்சியால் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், விரலால் வேண்டாம்.

விறகின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் காய்ந்த வெடிப்பு தெரியும், அதன் வழியாகவே வாயை வையுங்கள். கணு இருக்கிற இடத்தில் போராடாதீர்கள். சீமைக் கருவேலம் கோணலும் கணுவுமாகத்தான் வரும், பிளக்க வராத துண்டை அப்படியே பெரிய அடுப்புக்கு ஒதுக்கிவிடலாம். கைக்கோடாலி கைத்தடிமன் விறகுக்கு ஏற்றது, தொடைத்தடிமன் கட்டைக்குப் பெரிய கோடாலியும் ஆப்பும் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சவுக்கைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்து அப்புறம் காயவைத்தால் கைக்கும் நல்லது, சீக்கிரமும் காயும். முழுதாகக் காய்ந்து இறுகிய சவுக்கு கோடாலியைத் திருப்பி எறியும்.

மற்றவை சுருக்கமாக. கோடாலியோடு கையை நீட்டிச் சுற்றிலும் தலைக்கு மேலும் மெதுவாக ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், துணிக்கொடி, முருங்கைக் கிளை எதுவும் தட்டக்கூடாது. முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். சிராய் தெறித்துக் கண்ணில் படும், ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் நிம்மதி. விறகு அடுக்கில் கை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், தேளும் கட்டுவிரியனும் அங்கே தங்கும்.

கேள்வி: கோடாலித் தலை ஆடுகிறது. இரவெல்லாம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்கிறார் என் மாமனார். செய்யலாமா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

இறுகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது காயும் வரைக்கும்தான். ஊறி உப்பிய மரம் இரும்புத் துளைக்குள் நசுங்குகிறது, காய்ந்து சுருங்கும்போது முன்பைவிட அதிகமாக ஆடும். வேலை நடுவில் தலை கழன்று பறந்தால் எதிரே இருப்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆணி அடிப்பதும் தீர்வு இல்லை, காம்பு நீளவாக்கில் விரிசல் விட்டுவிடும். தலையைக் கழற்றி, காய்ந்த கெட்டி மரத்தில் ஆப்பு செதுக்கி இறுக்குங்கள், காம்பில் விரிசல் இருந்தால் காம்பையே மாற்றுங்கள். பெரியவரிடம் வாதாட வேண்டாம், தச்சரிடம் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் அவரே ஏற்றுக்கொள்வார். அப்புறமும் தினமும் வேலைக்கு முன் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: கோடாலி விறகில் மாட்டிக்கொண்டால் அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்து இறக்குகிறேன். இதில் தவறு உண்டா? – வாசகர், செங்கோட்டை

உண்டு. இரும்பின் மேல் இரும்பு அடித்தால் சில்லு தெறிக்கும், தோட்டா மாதிரி வேகத்தில் கண்ணுக்குள் போகக்கூடியது அது. கோடாலித் துளையும் விரிந்து தலை ஆட ஆரம்பிக்கும். மரச் சுத்தியலோ கனமான விறகுக்கட்டையோ கொண்டு தட்டுங்கள். எடுக்க வேண்டும் என்றால் காம்பைப் பக்கவாட்டில் முறுக்காமல் மேலும் கீழுமாக அசைத்தால் வந்துவிடும். வாய் மழுங்கியிருந்தால் அரம் போட்டுக்கொள்ளுங்கள். மழுங்கிய வாய் மரத்தில் இறங்காமல் வழுக்கி ஓடும், காயம் அப்படித்தான் வருகிறது.

கேள்வி: 12 வயது மகன் தானும் விறகு பிளக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். – வாசகி, காட்பாடி

ஆசையை அடக்க வேண்டாம், ஆனால் தனியாக விடவே கூடாது. முதலில் பிளந்ததை அடுக்கட்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பழகட்டும். பிறகு மேலே சொன்ன மாதிரி முழங்காலிட்டு, கோடாலியை விறகில் கடிக்க வைத்து இரண்டையும் சேர்த்து இடிக்கிற முறையை மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொடுங்கள். ஓங்கி வெட்டுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். கை சோர்ந்தது தெரிந்த உடனே நிறுத்தச் சொல்லுங்கள், பாதி விறகு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. இது உங்களுக்கும்தான்.

கேள்வி: வெட்டுப் பட்டால் காபித்தூள் வைத்துக் கட்டுவது எங்கள் வழக்கம். போதுமா? – வாசகர், மன்னார்குடி

வைக்கவே வைக்காதீர்கள். காபித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், காயத்தில் அழுக்கைத்தான் சேர்க்கும், மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தையல் போட வேண்டியிருக்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள், குறைந்தது பத்து நிமிடம், நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். ரத்தம் பீறிட்டாலோ நிற்கவில்லை என்றாலோ உடனே 108. விரல் துண்டாகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள், விரலில் ஐஸ் நேராகப் படக்கூடாது. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.