பிரசங்கம் முடிஞ்சப்புறம் வர்ற சாயங்காலம்

மேடம், நான் ஒரு போதகர். 19 வருஷமா சபை நடத்துறேன், பேரு போடாதீங்க, எங்க சபைக்காரங்களும் இதப் படிப்பாங்க.

இத பிரச்சனைன்னு சொல்லலாமான்னே தெரியல. ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு ஆராதனை, செய்தி கொடுக்கும்போது ஒரு குறையும் இல்ல, ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா வாசல்ல சேர் போட்டு உக்காந்துடுவேன், யாராவது கூப்பிட்டா ஏன்னு கேக்கக்கூட தோணாது, மனசு துடைச்சு விட்ட மாதிரி கிடக்கும். காலைல "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"னு தொண்டை கட்ட பேசினவன்தானே நான்னு நினைச்சா வெக்கமா இருக்கு. வீட்டம்மா சொல்லியே காட்டிட்டாங்க, ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்றீங்க, வீட்டுக்கு வந்தா ஊமையாயிடுறீங்கன்னு.

அதவிட ஒண்ணு உறுத்துது. போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மகளோட நடந்து வந்துட்டிருந்தேன், அவ செருப்பு வார் பிஞ்சுபோச்சு, ஒரு கால்ல செருப்பு, இன்னொண்ணு கையில, நொண்டி நொண்டி சிரிச்சுட்டே வந்தா, நான் என்ன பண்ணேன் தெரியுமா, போன எடுத்து "அறுந்த வார், பொறுமை, அடுத்த வாரம்"னு டைப் பண்ணேன். எட்டிப் பாத்துட்டா. "அப்பா, இதையுமா?"ன்னு கேட்டா, அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசல. எனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சா மேடம்?

*

பாஸ்டர், விசுவாசம் குறைஞ்சுபோச்சான்னு அளந்து சொல்ற வேலை என்னோடது இல்ல, ஆனா சாயங்காலத்து அந்த வெறுமைய மட்டும் வச்சு அப்படி முடிவு பண்ணிடாதீங்க. கூட்டத்துக்கு முன்னாடி நின்னு பேசும்போது உடம்புல அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் ஏறும், நெஞ்சு வேகமா அடிக்கும், முடிஞ்சதும் அது இறங்கும்போது ஆள் தொய்ஞ்சு போறது சகஜம், மேடை ஏறுறவங்க நிறைய பேர் இத சொல்வாங்க. ஸ்பர்ஜன் பேரு உங்களுக்குத் தெரியாம இருக்காது, 19ம் நூற்றாண்டுல லண்டன்ல ஆயிரக்கணக்கானவங்களுக்கு பிரசங்கம் பண்ணவரு, அவரே தனக்கு வர்ற மனச்சோர்வ மாணவர்கள்கிட்ட ஒளிக்காம பேசியிருக்காரு. உங்க பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசியையும் பாருங்க, கர்மேல் மலையில அவ்வளவு பெரிய வெற்றி, அப்புறம் யேசபேல் ராணி மிரட்டினதும் ஓடிப்போய் சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து போதும் கர்த்தாவேன்னாரு. வந்த தூதன் அதட்டவே இல்ல, சாப்பிட வச்சாரு, மறுபடியும் தூங்க விட்டு மறுபடியும் சாப்பிட வச்சாரு. 'இங்கே உனக்கு என்ன காரியம்'னு கர்த்தர் கேட்டது அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனப்புறம்தான்.

பிரசங்கத்தவிட உங்கள அதிகமா களைக்க வைக்கிறது ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு சிரிக்கிறதா இருக்கும்னு நான் நினைக்கிறேன். ஒரு வேலைக்காக முகத்தையும் மனசையும் ஒரு நிலையில பிடிச்சு வைக்கிறதுக்கு உணர்வு உழைப்புன்னு பேரு, ஆர்லி ஹாக்ஸ்சைல்டுங்கிற சமூகவியலாளர் 1983லயே விமானப் பணிப்பெண்கள வச்சு இத எழுதிட்டாங்க. உழைப்புன்னா ஓய்வும் வேணும், ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு, உங்களுக்கு அன்னிக்குத்தான் டியூட்டி, அதனால திங்கக்கிழமைய உங்க ஓய்வு நாளா சபைல அறிவிச்சே வச்சிடுங்க. வீட்டம்மாகிட்டயும் "ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வரேன்"னு முன்னாடியே சொல்லிட்டு உக்காருங்க. சொல்லாம உக்காந்தா, கோவமா இருக்காருன்னுதான் தோணும்.

இப்போ செருப்புக்கு வரேன், எனக்கு உங்க கடிதத்துல பெரிய விஷயமே அதுதான். அவ நொண்டி சிரிச்சுட்டு வந்தப்போ நீங்க அவகூட இல்ல, அடுத்த வாரத்து மைக் முன்னாடி நின்னுட்டிருந்தீங்க. பிரசங்கிகளுக்கு மட்டும் வர்ற வியாதி இல்ல இது, எழுதுறவங்களுக்கும் உண்டு, ஏன் எனக்கே உண்டு, தோழி அழும்போது நல்ல கேஸா இருக்கேன்னு ஒரு நொடி தோணி என்னையே திட்டியிருக்கேன். ஆனா பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்னு யோசிங்க, வீட்ல எத பேசினாலும் ஞாயித்துக்கிழமை சபைக்கே தெரிஞ்சிடும்னா அவ கொஞ்சம் கொஞ்சமா பேசுறதையே நிறுத்திடுவா. இனிமே அவ கதைய சொல்லணும்னா அவகிட்ட முதல்ல கேளுங்க, வேண்டாம்னா விட்ருங்க. ஞாயிறு சாயங்காலம் போன் உள்ளயே கிடக்கட்டும்.

இன்னொண்ணு, இந்த வெறுமை ஞாயித்துக்கிழமையோட நிக்காம ரெண்டு வாரமா தினமும் நாள் முழுக்க இருந்தா, தூக்கம் பசி கெட்டுப்போனா, வாழ வேண்டாம்னு ஒரு தடவ தோணினாக்கூட, ஜெபத்த விட வேண்டாம், கூடவே டாக்டரையும் பாருங்க.

இன்னிக்கே அந்த நோட்ஸ அவ முன்னாடி வச்சு அழிச்சிடுங்க பாஸ்டர். அடுத்த வாரத்துக்கு பொறுமைக்கு உதாரணம் வேணும்னா பைபிள்லயே யோபு இருக்காரு, அவரு கோச்சுக்க மாட்டாரு.